சொத்து எழுதும் நாளில் மகளையும் கூப்பிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில நாட்களுக்கு முன் உங்கள் நாளிதழின் உலகச் செய்திப் பக்கத்து ஓரத்தில் நான்கு வரிச் செய்தி ஒன்று வந்திருந்தது. இங்கிலாந்தில் விவசாய நிலத்துக்கான வாரிசு வரி வரம்பை 10 லட்சம் பவுண்டிலிருந்து 25 லட்சம் பவுண்டாக அரசு உயர்த்திவிட்டதாம். நம் பக்கத்தில் அதை நின்று படித்தவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். நான் இரண்டு தடவை படித்தேன். படித்த கையோடு இங்கிலாந்தில் சோமர்செட் பக்கம் இருக்கும் மகளுக்குப் போன் போட்டு, "பெரியவருக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

யார் அந்தப் பெரியவர், எனக்கும் அவருக்கும் என்ன என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகிவிட்டது. பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்காக எழுதுகிறேன், முழுசாகப் போடுங்கள்.

சோழவந்தானுக்கு எதிர்க்கரையில், தென்கரைப் பக்கம் இருக்கிறேன். வயது 64. சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வீட்டுக்காரர் கண்டக்டராக இருந்தார், 2019ல் தவறிவிட்டார். அவர் சேர்த்த பணத்தோடு என் நகையை வைத்த பணத்தையும் போட்டு, 1998ல் 1 ஏக்கர் 40 சென்ட் நஞ்சையும் 60 சென்ட் தென்னந்தோப்பும் வாங்கினோம். "உன் பேர்லயே இருக்கட்டும்" என்று சொல்லி என் பெயரிலேயே கிரயம் முடித்தார். மகன் இங்கேயே இருந்து பயிர் பார்க்கிறான். மகள் நர்ஸ். 2016ல் இங்கிலாந்து போனவள், அங்கேயே குடியுரிமையும் வாங்கிவிட்டாள். இங்கே ஒரு பேரன், அங்கே ஒரு பேத்தி.

2024 அக்டோபரில் மகள் வீட்டுக்குப் போய் ஐந்து மாதம் இருந்தேன். சோமர்செட்டில் ஒரு சின்னக் கிராமம். நாற்பது வீடு இருந்தால் அதிகம். மகள் வீட்டுக்கு அடுத்ததே ஒரு பால் பண்ணை. பண்ணையின் வாசலில் ஒரு மரப்பெட்டியில் முட்டை வைத்திருப்பார்கள், பக்கத்தில் ஒரு டப்பா. முட்டையை எடுத்துக்கொண்டு காசை நாமே டப்பாவில் போட்டுவிட்டு வர வேண்டும். பேத்தியும் நானும் ஒருநாள் விட்டு ஒருநாள் போவோம். அப்படிப் பழக்கமானவர்தான் அந்தப் பண்ணையின் பெரியவர். அப்போது வயது 78. மனைவி இல்லை. மகன், மருமகள், விவசாயக் கல்லூரியில் படிக்கும் பேரன் எல்லோரும் ஒரே வீட்டில். மகள் பிரிஸ்டலில் ஆசிரியை. 200 ஏக்கர். கேட்டதும் எனக்கு மலைப்பாக இருந்தது. அங்கே அது நடுத்தரமான பண்ணைதானாம்.

ஒருநாள் வடை சுட்டு எடுத்துக்கொண்டு போனோம். அவர்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில், பண்ணையை விமானத்திலிருந்து எடுத்த போட்டோவைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். பெரியவர் எழுந்து போய் ஒவ்வொரு வயலாக விரல் வைத்துப் பெயர் சொன்னார். நமக்குக் கிணத்துமேடு, புளியடிச் செய், பள்ளத்து வயல் என்று இருக்கிறதே, அதே மாதிரி அவர்களுக்கும் வயலுக்கு வயல் பெயர் உண்டு. நீள மேய்ச்சல், கொல்லன் மூலை, பன்னிரண்டு ஏக்கர் என்று மகள் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். அவருடைய ஆள்காட்டி விரல் நகம் பாதி இல்லை. கண்ணாடியில் அந்த விரல் படும் இடமெல்லாம் மங்கிப் போயிருந்தது. அந்தச் சுவருக்கு முன்னால் எத்தனை வருஷமாக நின்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாரோ என்று நினைத்துக்கொண்டேன்.

நான் போய் இறங்கிய மாதக் கடைசியில், அக்டோபர் 30ஆம் தேதி, அங்கே பட்ஜெட் வந்தது. அதிலிருந்து அந்த வீட்டில் பேச்சே மாறிவிட்டது.

அந்த நாட்டில் ஒருவர் இறந்தால், அவர் விட்டுப்போகும் சொத்தில் 3,25,000 பவுண்டுக்கு மேல் உள்ளதற்கு 40 சதவீதம் வரி. சொந்த வீட்டைப் பிள்ளைகளுக்கு விட்டால் இன்னொரு 1,75,000 பவுண்டு வரை கழிவு உண்டு. ஆனால் உழுது பயிர் செய்யும் நிலத்துக்கு 1992 முதல் முழு விலக்கு இருந்தது. அப்பாவிடமிருந்து மகனுக்கு எத்தனை ஏக்கர் போனாலும் வரி கிடையாது. 2024 பட்ஜெட்டில் அதை மாற்றினார்கள். 2026 ஏப்ரல் முதல் 10 லட்சம் பவுண்டு வரைக்கும்தான் முழு விலக்கு, அதற்கு மேல் போனால் 20 சதவீதம் என்றார்கள். பத்து வருஷத் தவணையில் வட்டியில்லாமல் கட்டலாம்.

அந்தப் பக்கம் நிலம் ஏக்கர் பத்தாயிரம் பவுண்டு போகிறது என்றார்கள். 200 ஏக்கருக்கு 20 லட்சம். மாடு, கொட்டகை, டிராக்டர் எல்லாம் சேர்த்தால் 25 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விலக்கு போக மீதி 15 லட்சத்துக்கு 20 சதவீதம் என்றால் 3 லட்சம் பவுண்டு. நம் பணத்தில் மூன்று கோடிக்கு மேல். பால் விற்ற காசில் அதை எப்படிக் கட்டுவது? நிலத்தில் ஒரு பகுதியை விற்றால்தான் முடியும். நவம்பர் 19ஆம் தேதி ஆயிரக்கணக்கான விவசாயிகள் லண்டனில் கூடினார்கள். சின்னப் பிள்ளைகள் பொம்மை டிராக்டரை மிதித்துக்கொண்டு நாடாளுமன்றத்துக்கு முன்னால் ஊர்வலம் போனதை டிவியில் பார்த்தேன். பெரியவரின் மகனும் பேரனும் அதற்குப் போயிருந்தார்கள். (நம் நாட்டிலும் 1953 முதல் 1985 வரை இப்படியொரு வரி இருந்தது. இன்று நமக்கு அந்தக் கவலை இல்லை.)

சரி, உயிரோடு இருக்கும்போதே மகனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் என்ன என்று நான் கேட்டேன். அதற்கும் வழி உண்டு. ஆனால் எழுதிக் கொடுத்த நாளிலிருந்து ஏழு வருஷம் அவர் உயிரோடு இருக்க வேண்டும். அதற்குள் போய்விட்டால் அந்தச் சொத்தும் வரிக் கணக்கில் வந்துவிடும். இன்னொரு நிபந்தனையும் உண்டு. கொடுத்த பிறகு அதை அவர் அனுபவிக்கக் கூடாது. மகனுக்கு எழுதிக் கொடுத்த வீட்டில் தொடர்ந்து குடியிருந்தால் கொடுத்ததாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இருக்கத்தான் வேண்டும் என்றால் ஊர் நிலவரப்படி மகனுக்கு வாடகை கொடுக்க வேண்டும். பெரியவர் பிறந்ததே அந்த வீட்டில். இதைச் சொல்லும்போது டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே உட்கார்ந்திருந்தார்.

அந்த நாட்டில் மூத்த மகனுக்கே நிலமெல்லாம் என்ற பழைய சட்டம் 1925லேயே போய்விட்டது. உயில் எழுதாமல் இறந்தால் கணவன் அல்லது மனைவியின் பங்கு போகப் பிள்ளைகளுக்கு ஆண், பெண் வித்தியாசம் இல்லாமல் சமபங்கு. உயில் எழுதினால் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம், பிள்ளைகளுக்கு எழுதியே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனாலும் வழக்கத்தில் பண்ணையைத் துண்டு போடாமல் ஒருவரிடமே கொடுப்பதுதான் அதிகம். துண்டு போட்டால் யாருக்கும் பிழைப்பு ஓடாது என்கிறார்கள். அப்படியானால் பிரிஸ்டலில் இருக்கும் மகளுக்கு? எனக்கு அந்தக் கேள்விதான் மனசில் ஓடிக்கொண்டே இருந்தது.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பண்ணை முற்றத்தில் நான்கைந்து கார் நின்றது. பெரியவரின் மகள், மருமகன், வக்கீல், கணக்கர் எல்லோரும் வந்திருந்தார்கள். காலை பத்து மணிக்கு உட்கார்ந்தவர்கள், இருட்டின பிறகும் எழுந்திருக்கவில்லை. சமையலறையில் விளக்கு எரிவது எங்கள் ஜன்னலிலிருந்து தெரிந்தது. நடுவில் பால் கறக்க மட்டும் மகன் வெளியே வந்து போனார். மறுநாள் மருமகள் வந்து சொன்னார். பண்ணையும் பண்ணை வீடும் மகனுக்கு. எதிரில் இருக்கும் சின்ன வீட்டில் பெரியவர் போய் இருந்துகொள்வார், அவர் காலத்துக்குப் பிறகு அது மகளுக்கு. அதோடு அண்ணன் தங்கைக்கு வருஷா வருஷம் ஒரு தொகை கொடுக்க வேண்டும். "எல்லோரும் சந்தோஷமா?" என்று கேட்டேன். "ஒருவரும் முழு சந்தோஷம் இல்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும்" என்றார்.

நான் ஊருக்குக் கிளம்பும் முன்னால் மார்ச் மாதம் பெரியவர் வீடு மாறினார். சாமான்களை எல்லாம் பேரன் வண்டியில் கொண்டுபோனான். அந்த விமானப் போட்டோவை மட்டும் அவர் யாரிடமும் கொடுக்கவில்லை. இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்தார். பேத்தி ஓடிப்போய்ப் புது வீட்டின் கதவைத் திறந்து பிடித்தாள்.

இப்போது வரம்பு 25 லட்சமாகிவிட்டதே, இனி வரி வராதே, பழைய வீட்டுக்கே திரும்பலாமே என்று மகளிடம் போனில் சொன்னேன். "அவருக்குத் தெரியும்மா. போகலைன்னுட்டார். குடுத்தது குடுத்ததுதான்னு சொல்றார்" என்றாள்.

இனி என் கதை. எனக்குக் கல்யாணம் ஆனது 1984ல். பிறந்த ஊர் மேலூர்ப் பக்கம், ஒருபோகப் பாசனம். அண்ணன் தம்பி இருவர், நான், என் தங்கை. எங்கள் அப்பாவுக்கு நான்கு ஏக்கர். "கிணத்தடிச் செய் நாப்பது சென்ட்டு பொம்பளப் பிள்ளைகளுக்கு" என்று அப்பா எங்கள் காது கேட்க எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். நாற்று நடும்போது சொல்லியிருக்கிறார், பொங்கலுக்குப் போனால் சொல்லியிருக்கிறார். எழுதி வைக்கவில்லை. 2001ல் போய்விட்டார்.

2003ல் ஒருநாள் அண்ணன் கார் பிடித்து வந்தார். "பட்டா மாத்தணும், ஒரு கையெழுத்துதான்" என்றார். தங்கையையும் ஏற்றிக்கொண்டு பத்திர ஆபீஸ் போனோம். கட்டை விரலில் மை தடவினார்கள். எத்தனை பக்கம் இருந்தது, என்ன எழுதியிருந்தது, எனக்குத் தெரியாது. படிக்கத் தெரியாமல் இல்லை. சத்துணவுக் கூடத்தில் அரிசிக் கணக்கு, பருப்புக் கணக்கு எல்லாம் நான்தான் எழுதினேன். அண்ணன் நீட்டிய காகிதத்தை வாங்கிப் படிப்பது மரியாதை இல்லை என்று நினைத்தேன். வரும் வழியில் இரண்டு பேருக்கும் ஒரு பட்டுச்சேலை, ஐயாயிரம் ரூபாய். சாப்பாடு வாங்கிக் கொடுத்து வீட்டில் கொண்டுவந்து விட்டார்.

அது விடுதலைப் பத்திரம். கிணத்தடிச் செய் மட்டும் இல்லை, அப்பாவின் சொத்து முழுவதிலும் எங்களுக்கு இருந்த பாத்தியதையை விட்டுக் கொடுத்ததாக எழுதியிருந்தது. அப்பாவின் பங்கில் மகளுக்கும் சம உரிமை என்பது 1956 சட்டத்திலேயே இருக்கிறது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை உண்டு என்று 1989லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. அந்த வருஷம் மார்ச் 25க்கு முன்னால் கல்யாணமானவர்களுக்கு அது கிடையாது என்பதால் எனக்குப் பொருந்தவில்லை. 1991ல் கல்யாணமான என் தங்கைக்குப் பொருந்தியது. 2005 செப்டம்பர் 9 முதல் நாடு முழுக்க எல்லா மகள்களுக்கும் என்று ஆனது. அப்பா அன்று உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இத்தனை சட்டம் வந்தும், கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்ட பெண்ணுக்கு ஒன்றும் இல்லை.

2014ல் தங்கையின் வீட்டுக்காரர் இறந்துபோனார். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, ஒரு வீடு கட்ட ஐந்து சென்ட் கொடுங்கள் என்று அண்ணனிடம் போய் நின்றாள். அவர் பீரோவைத் திறந்து பத்திரத்தை எடுத்துக் காட்டினார். அண்ணன் கெட்டவர் இல்லை. அவருக்கும் கடன் இருந்தது. ஆனால் அன்றைக்குத் தங்கை பேருந்தில் அழுதுகொண்டே வந்ததை என்னால் மறக்க முடியவில்லை. இன்றும் மதுரையில் வாடகை வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்றுப் பிழைக்கிறாள்.

சோமர்செட்டில் பெரியவர் ஒரு வழக்கைப் பற்றிச் சொன்னார். அந்தப் பக்கத்து விவசாயிகள் எல்லோருக்கும் தெரிந்த வழக்காம். செடார் என்ற ஊரில் பீட்டர் தோர்னர் என்று ஒருவருக்குப் பண்ணை இருந்தது. அவருடைய உறவுக்காரர் டேவிட் தோர்னர் 1976 முதல் கிட்டத்தட்ட 30 வருஷம் சம்பளமே வாங்காமல் அங்கே உழைத்தார். பீட்டர் அதிகம் பேசாத மனிதர். பண்ணை உனக்குத்தான் என்று வாய்விட்டுச் சொன்னதே இல்லை. 1990ல் ஒருநாள் காப்பீட்டுக் காகிதம் ஒன்றைக் கையில் கொடுத்து, "இது என் சாவு வரிக்கு" என்றார். அவ்வளவுதான். உயில் ஒன்று எழுதியிருந்தார், வேறு யாரோடோ வந்த மனவருத்தத்தில் அதை அழித்துவிட்டார். 2005ல் உயில் இல்லாமலே இறந்துபோனார். வழக்கு மேலே வரை போய், 2009ல் பிரபுக்கள் சபை (அப்போது அங்கே அதுதான் கடைசி நீதிமன்றம்) டேவிட்டுக்கே பண்ணை என்று தீர்ப்பளித்தது. டேவிட் நம்பும்படி பீட்டர் நடந்துகொண்டார், டேவிட்டும் நம்பி வாழ்நாளைக் கொடுத்துவிட்டார், அதை மாற்ற முடியாது என்பது அதன் சாரம்.

மகள் இதை எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வரும்போது எனக்கு அப்பாவின் குரல்தான் கேட்டது. என் அப்பா அந்தப் பீட்டரைப் போல ஊமையாக இருக்கவில்லை, நடவு வயலில் நின்று சத்தமாகவே சொன்னார். ஆனால் நம் ஊரில் நிலத்தைத் தானமாகக் கொடுப்பதென்றால் பதிவு செய்த பத்திரம் வேண்டும். வாய்ச் சொல்லுக்கு மதிப்பில்லை.

அன்று இரவு மகளிடம் கேட்டேன். "நம்ம சொத்துல உனக்கு என்னம்மா வேணும்? மனசுல உள்ளதச் சொல்லு." அவள் யோசிக்கக்கூட இல்லை. "எனக்கு ஒண்ணும் வேணாம்மா. தம்பிதான பாடுபடுறான், அவனுக்கே குடுத்துரு." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 2003ல் காரில் வரும்போது நானும் தங்கையும் பேசிக்கொண்ட அதே வார்த்தை. நாங்களும் ஒண்ணும் வேணாம் என்றுதான் சொன்னோம். அவள் நல்லா சம்பாதிக்கிறாள், உண்மைதான். ஆனால் நாளைக்கு யாருக்கு என்ன வரும் என்று யாருக்குத் தெரியும்? வேண்டாம் என்று பெண் பிள்ளை சொன்னால் உடனே சரி என்று எடுத்துக்கொள்வது பெற்றவர்கள் செய்யும் தப்பு. நான் அந்தத் தப்பைச் செய்ய மாட்டேன் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

2025 சித்திரைத் திருவிழாவுக்கு மகள் வந்திருந்தாள். அழகர் ஆற்றில் இறங்கிய மறுநாள், மகன், மருமகள், மகள் எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்தேன். மருமகன் வாட்ஸ்அப் வீடியோவில். பேரனும் பேத்தியும் பாயில். தங்கையையும் வரச் சொல்லியிருந்தேன். நஞ்சை மகனுக்கு, தென்னந்தோப்பு மகளுக்கு, வீடு இருவருக்கும் சரிபாதி என்று என் வாயால் சொன்னேன். யார் யாருக்கு என்ன மனக்குறை என்றாலும் இங்கேயே பேசுங்கள் என்றேன். மருமகள்தான் முதலில் பேசியது. "தோப்புக்குத் தண்ணி நம்ம போர்லருந்துதானே போகுது, அது எப்படி?" நியாயமான கேள்வி. அதற்கே ஒரு மணி நேரம் ஆனது. போரும் மோட்டாரும் பொது, மோட்டார் ரிப்பேர்ச் செலவு பாதிப் பாதி என்று பேசி அதையும் எழுத்தில் கொண்டுவந்தோம்.

அப்புறம் பத்திரம் எழுதப் போனோம். இந்த இடத்தை வெளிநாட்டில் பிள்ளைகள் இருப்பவர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். பத்திரம் எழுதுபவர், "ரெண்டு பேருக்கும் தான செட்டில்மென்ட் போட்டுரலாம்" என்று, இருக்கும்போதே சொத்தைத் தானமாக மாற்றிக் கொடுக்கும் அந்தப் பத்திரத்துக்கு நகல் தயாரித்தே கொடுத்துவிட்டார். மகனின் சிநேகிதர் ஒருவர் ஆடிட்டர். அவர் பார்த்துவிட்டுத்தான் தடுத்தார். வெளிநாடு வாழ் இந்தியரும், ஓ.சி.ஐ. அட்டை (வேறு நாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்குத் தரும் அட்டை) வைத்திருப்பவரும் இங்கே விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு எதையும் விலைக்கு வாங்க முடியாது, தானமாகவும் பெற முடியாது. அன்னியச் செலாவணிச் சட்டத்தின் விதி அது. பெற்ற தாயே எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. ஆனால் வாரிசாக, உயில் மூலமாக விவசாய நிலம் அவர்களுக்கு வரலாம். வீடு, வீட்டுமனை என்றால் தான செட்டில்மென்டும் செய்யலாம். இதைத் தெரியாமல் எத்தனை பெற்றவர்கள் வெளிநாட்டுப் பிள்ளைக்குத் தோப்பை செட்டில்மென்ட் எழுதி வைத்திருக்கிறார்களோ! விற்கப் போகும்போதோ பேரப்பிள்ளைகள் காலத்திலோதான் அது வெடிக்கும்.

அதனால் நஞ்சையை மகனுக்கு செட்டில்மென்ட், தோப்பையும் வீட்டையும் உயில் என்று மாற்றினோம். குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்டுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000. 2023 ஜூலைக்கு முன் இது 25,000, 4,000 என்று இருந்தது. சோமர்செட்டின் மூன்று கோடியை நினைத்தால் இது ஒன்றுமே இல்லை. உயிலுக்கு முத்திரைத்தாளே வேண்டாம். இரண்டு சாட்சி போதும், பதிவு செய்தால் இன்னும் நல்லது. இருக்கும்வரை மாற்றி எழுதவும் செய்யலாம்.

நஞ்சைப் பத்திரத்தில் இரண்டு விஷயம் சேர்க்கச் சொன்னேன். என் ஆயுள் உள்ளவரை நிலத்தின் வருமானத்தை நான் அனுபவிப்பேன் என்பது ஒன்று. பெரியவர் தன் நாட்டில் செய்ய முடியாமல் வீட்டை விட்டுப் போனாரே, அதை நாம் ஒரே வரியில் செய்துகொள்ளலாம். இன்னொன்று, என்னைக் கடைசிவரை வைத்துப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை. 2007ஆம் வருஷத்து மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆவது பிரிவுப்படி, அந்த நிபந்தனையை மீறினால் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்து பத்திரத்தை ரத்து செய்யலாம். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைப் பெற்றோருக்குச் சாதகமாக உறுதி செய்திருக்கிறது. பத்திரத்தில் தெளிவாக எழுதிவிட்டால் பின்னால் வாதாட வேண்டியதில்லை.

அந்த வரியைப் படித்ததும் மகனின் முகம் வாடிவிட்டது. "என்னம்மா, என்னை நம்பலையா?" என்றான். "உன்னை நம்புறேன்யா. நாளைக்கு உனக்கு ஏதாவது ஆச்சுன்னா, யாரோ ஒருத்தர் இந்தக் காகிதத்த வச்சுக்கிட்டு என்கிட்ட வந்து பேசக் கூடாது, அதுக்குத்தான்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் அவனே பேனாவை எடுத்து, நகலில் விட்டுப்போயிருந்த உட்பிரிவு எண்ணைத் திருத்திக் கொடுத்தான்.

பேரன், பேத்தி பெயருக்கே நேராக எழுதலாமா என்றும் கேட்டுப் பார்த்தேன். எங்கள் தெருவில் ஓர் அக்கா, மகன் குடிக்குப் பயந்து ஒன்பது வயதுப் பேரன் பெயரில் வயலை எழுதிவிட்டார். மைனர் சொத்தை நீதிமன்ற அனுமதியில்லாமல் விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. வயல் தப்பியது. ஆனால் அந்தப் பையனின் ஆபரேஷனுக்கே அதன் மேல் அவசரமாகக் கடன் வாங்க முடியாமல் அலைந்தார்கள். அதனால் அந்த யோசனையை விட்டுவிட்டேன். பேத்திக்கு அவள் அம்மா மூலமாகத் தோப்பு போகட்டும். அதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. 2025 ஏப்ரல் 6 முதல், இங்கிலாந்தில் பத்து வருஷத்துக்கு மேல் வசிப்பவர்களின் வெளிநாட்டுச் சொத்தும் அந்த நாட்டு வாரிசு வரிக் கணக்கில் வரும். மகள் தன் உயிலை எழுதும்போது இந்தத் தோப்பையும் கணக்கில் வைத்து அங்கேயே ஒரு வக்கீலைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் நாளிதழ் வழியாக இரண்டு கோரிக்கை. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு விவசாய நிலத்தை எப்படிக் கொடுக்கலாம், எப்படிக் கொடுக்கக் கூடாது என்பதை ஒவ்வொரு சார் பதிவாளர் அலுவலகத்திலும் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். அடுத்தது, எனக்கு இதுதான் முக்கியம். விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வரும் பெண்ணை அண்ணன் தம்பி கூட நிற்கும்போது கேட்காமல், தனியாகக் கூப்பிட்டு, எந்த சர்வே எண், எத்தனை சென்ட், இன்றைய மதிப்பு என்ன என்று வாசித்துக் காட்டி, "தெரிந்துதான் விட்டுக் கொடுக்கிறீர்களா?" என்று பதிவுத் துறை கேட்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. 2003ல் யாராவது என்னிடம் அதைக் கேட்டிருந்தால், குறைந்தது தங்கைக்காவது ஐந்து சென்ட் கேட்டு வாங்கியிருப்பேன்.

என் உயிலுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டதில் ஒருவர் என் தங்கை. ஆபீஸில் பேனாவைக் கொடுத்ததும் அவள் கையெழுத்துப் போடவில்லை. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். கிட்டத்தட்ட இருபது நிமிடம். பின்னால் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். படிக்கட்டும் என்று நாங்கள் எல்லோரும் நின்றோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தென்கரை, சோழவந்தான் வழி,
மதுரை மாவட்டம்.
(குடும்ப விஷயம் என்பதால் பெயர் போட வேண்டாம்.)